குறிப்பறியும் விசைப்பலகை

பிறர் உள்ளத்தில் உள்ளதை அவர் வாய்திறந்து கூறுமுன்னரே உணர்ந்துகொள்ளும் ஆற்றலைக் குறிப்பறிதல் என்பர் தமிழ்ச் சான்றோர். திருவள்ளுவர் இப்பெயரால் இரண்டு அதிகாரங்கள் இயற்றியுள்ளார். அவற்றுள் ஒன்று பொருட்பாலிலும் மற்றொன்று இன்பத்துப்பாலிலும் இடம்பெற்றுள்ளன. அரசனது முகத்தை நோக்கி அவன் கருத்தை அறிதல் அமைச்சனுக்கு இன்றியமையாத திறம். குழந்தையின் அழுகையைக் கேட்ட அளவிலே, அது பசியால் எழுந்ததா நோவால் எழுந்ததா என்று தாய் அறிந்துகொள்கிறாள். மாணவன் கேட்கத் தயங்கும் ஐயத்தை நல்லாசிரியர் அவனது நெற்றிச் சுருக்கத்திலேயே கண்டுவிடுகிறார். இவையெல்லாம் உயிருள்ள மனிதர், உயிருள்ள மனிதரிடம் காட்டும் நுண்ணுணர்வுகள்.

இக்காலத்தில் உயிரில்லாத கருவி ஒன்றும் இத்தொழிலை மேற்கொண்டிருக்கிறது. கைப்பேசியின் கண்ணாடித் திரையில் தோன்றும் விசைப்பலகையே அக்கருவி. அது விரல் தொட்ட இடத்தை மட்டும் கண்டு அமைவதில்லை. தொட்டவர் எதனை எழுத எண்ணினார் என்பதையும் ஆராய்கிறது. அவ்வாராய்ச்சி எவ்வாறு நிகழ்கின்றது? அஃது எவ்வளவு தூரம் செல்லலாம்? எவ்விடத்தில் நிற்றல் வேண்டும்? இவ்வினாக்கள் எழுதக் கற்கும் ஒவ்வொருவரும் சிந்திக்கத் தக்கவை. எழுத்தின் உரிமை யாருடையது என்னும் பெருவினா இவற்றுள் அடங்கியிருக்கின்றது.

முதலில் பழைய தட்டச்சுப்பொறியை நோக்குதல் நலம். அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரில் வாழ்ந்த கிறிஸ்டபர் லாதம் ஷோல்ஸ் என்பவரும் அவர்தம் துணைவரும் 1868-ஆம் ஆண்டில் ஒரு தட்டச்சுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். ரெமிங்டன் நிறுவனம் அவ்வகைப் பொறியை 1874-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த முத்தையா என்னும் பெரியார், தமிழ் எழுத்துகளுக்கு ஏற்றதொரு விசையமைப்பைப் பின்னர் வகுத்தளித்தார். இப்பொறிகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. ஒரு விசையை அழுத்தினால் அதற்குரிய எழுத்தே தாளில் பதியும். அழுத்தியவர் அதனைத்தான் எண்ணினாரா என்று பொறி ஆராய்வதில்லை. பிழை நேர்ந்தால் அது முழுதும் எழுதியவர் பிழையே. சிறப்பு நேர்ந்தால் அதுவும் அவருடையதே. பொறி வாய்பேசாத பணியாள் போன்று நின்றது.

தொடுதிரையின் இயல்பு முற்றிலும் வேறானது. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்னும் ஊரில் இருந்த ராயல் ரேடார் நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் என்பவர், விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி 1965-ஆம் ஆண்டிலேயே எழுதினார். வானூர்திப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்கு அது பயன்படும் என்பது அவரது கருத்து. அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்த அக்கருத்து, 2007-இல் ஐபோன் வெளிவந்த பின்னர் உலக மக்களின் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. அதுகாறும் கைப்பேசிகளில் மேடும் பள்ளமுமாய் விளங்கிய விசைகள் மெல்ல மறைந்து, வழவழப்பான கண்ணாடியே அவற்றின் இடத்தைப் பிடித்தது.

அக்கண்ணாடியின் அடியில் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய மின்கடத்தும் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது. விரல் அருகில் வந்ததும் அவ்விடத்துக் கோடுகளின் மின்னூட்டம் தேக்கும் திறன் சிறிது மாறுகின்றது. கருவி அம்மாற்றத்தை ஒரு நொடிக்குப் பன்முறை அளந்து, எவ்விடத்தில் மாற்றம் மிகுதி என்று கணக்கிடுகின்றது. கம்பளிக் கையுறை அணிந்த விரலைப் பல திரைகள் உணராமைக்கும், மழைத்துளி விழுந்த திரை தடுமாறுவதற்கும் இதுவே காரணம். திரைக்கு வேண்டுவது அழுத்தம் அன்று, உடலின் மின்னியல்பே.

இங்குக் கருத வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தொடுதிரையில் காணப்படும் விசைகள் உண்மையான விசைகள் அல்ல. அவை வெறும் சித்திரங்கள். கட்டம் கட்டி வரைந்த ககரமும் மகரமும் விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. விசையின் எல்லை எங்கே முடிகின்றது என்பதை விரல் தடவி அறிய இயலாது. ஆகவே கண்ணும் கையும் ஒத்துழைத்தாலன்றி இலக்குத் தவறிவிடும்.

மேலும், விரலோ பெரிது, விசையோ சிறிது. ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு திரையில் வரிசைக்குப் பத்து விசைகள் அமைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறரை மில்லிமீட்டர் இடமே கிடைக்கும். வளர்ந்த ஒருவரது விரல் நுனி அதனினும் அகன்றது. தொடும்பொழுது விரலே விசையை மறைத்துவிடுகின்றது. ஜெர்மனி நாட்டுப் போட்ஸ்டாம் நகரில் ஆராய்ந்த கிறிஸ்டியன் ஹோல்ஸ், பேட்ரிக் பௌடிஷ் என்னும் இருவர், 2010, 2011-ஆம் ஆண்டுகளில் நுட்பமான ஓர் உண்மையை வெளியிட்டனர். மனிதர் குறிபார்ப்பது விரலின் மேற்புறத்தைக் கொண்டு. திரை உணர்வதோ விரலின் அடிப்புறத்தை. விரல் சாயும் கோணம் மாறுந்தோறும் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவும் மாறுகின்றது. ஆகவே எண்ணிய இடம் ஒன்றாகவும் உணரப்பட்ட இடம் மற்றொன்றாகவும் அமைதல் இயல்பு என்பது விளங்குகின்றது. அதனை எழுதுவோரின் கவனக்குறைவு என்று மட்டும் கூறிவிடல் பொருந்தாது.

தொடுதல் என்னும் செயலிலும் எண்ணம் எப்பொழுது முற்றுப்பெறுகின்றது என்பது ஆராயத்தக்கது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர், வெல்டன், ஷ்னைடர்மன் என்னும் மூவர் 1988-இல் இதனைச் சோதித்தனர். விரல் திரையில் பட்டவுடன் அதனை ஏற்றுக்கொள்வது ஒரு முறை. விரல் திரையை விட்டு எழும்பொழுது இருந்த இடத்தை ஏற்றுக்கொள்வது மற்றொரு முறை. பின்னைய முறையில் பிழைகள் குறைந்தன. தவறான இடத்தில் விரலை வைத்தவர், அதனை எடுக்காமலே நகர்த்திச் சரியான இடத்தில் விடலாம் அன்றோ? வாயிற்படியில் கால் வைத்தவர் எல்லாரும் வீட்டினுள் நுழைய எண்ணினவர் ஆகார். அவர் திரும்பிச் செல்லவும் ஒரு கணம் இடமளிப்பதே அறிவுடைமை. இன்றைய விசைப்பலகைகளும் பெரும்பாலும் இம்முறையையே தழுவியுள்ளன.

விரல் தரும் சான்று இவ்வாறு ஐயத்திற்கு இடமானதாகலின், கருவி இரண்டாவது சான்று ஒன்றைத் தேடுகின்றது. மொழியே அச்சான்று. எந்த எழுத்தின் பின்னர் எந்த எழுத்து வரும், எந்தச் சொல்லின் பின்னர் எந்தச் சொல் வரும் என்பதில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் 1951-இல் வெளியிட்ட ஆய்வில், முன்வந்த எழுத்துகளை அறிந்த ஒருவர் அடுத்து வரும் ஆங்கில எழுத்தைப் பெரும்பாலும் சரியாக ஊகிக்க முடியும் என்று காட்டினார். தாமஸ் பேயஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் எழுதி, அவர் மறைந்த பின்னர் 1763-இல் வெளிவந்த நிகழ்தகவுக் கட்டுரையின் வழி வளர்ந்த கணக்குமுறை, இரண்டு சான்றுகளையும் ஒன்றாக எடைபோட உதவுகின்றது. விரல் எவ்விசைக்கு அருகில் பட்டது என்பது ஒரு தட்டில் வைக்கப்படும். மொழி எவ்வெழுத்தை எதிர்நோக்கியது என்பது மற்றொரு தட்டில் வைக்கப்படும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோஷுவா குட்மன் முதலிய நால்வர், இவ்வகையில் மொழியறிவைத் திரை விசைப்பலகையோடு இணைத்தால் பிழைகள் குறைகின்றன என்பதை 2002-இல் காட்டினர்.

தமிழ் விசைப்பலகையைக் கொண்டே இதனை விளக்கலாம். தமிழ்99 என்னும் அமைப்பில் க, ப, ம, த என்னும் நான்கு விசைகள் ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கரம், பரம், மரம், தரம் என்னும் நான்கு சொற்களும் முதலெழுத்து ஒன்றால் மட்டுமே வேறுபடுகின்றன. ஒருவர் விரல் மகரத்திற்கும் தகரத்திற்கும் நடுவில் பட்டதென்று கொள்க. விரலை மட்டும் நோக்கினால் அவர் எழுத எண்ணியது மரமா தரமா என்று துணிய இயலாது. அதற்குமுன் 'பனை' என்று அவர் எழுதியிருந்தால் மரம் என்பதே பொருந்தும். 'முதல்' என்று எழுதியிருந்தால் தரம் என்பதே பொருந்தும். இவ்வாறு முன்பின் நோக்கிப் பொருள் கொள்ளும் கருவி, கண்ணுக்குத் தெரியாமலே மகரத்தின் எல்லையைச் சற்று அகலமாக்கித் தகரத்தின் எல்லையைச் சற்றுச் சுருக்கிக்கொள்கின்றது. திரையில் உள்ள சித்திரம் மாறுவதில்லை. அதன் பின்னே உள்ள வேலி மட்டும் நகர்கின்றது. விசை வெறும் சித்திரமாக இருப்பதனால் விளைந்த நன்மை இது.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. ஓலைச்சுவடி படித்த முன்னோர் நாள்தோறும் செய்த வேலையே இது. ஏட்டில் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விடுவது வழக்கம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். 'எரியில் இறங்கினாள்' என்றும் 'ஏரியில் இறங்கினாள்' என்றும் ஒரே வடிவத்தைப் படிக்கலாம். அடுத்த தொடரில் நீராடல் கூறப்பட்டிருந்தால் ஏரி என்று துணிவர். தீயின் வெம்மை கூறப்பட்டிருந்தால் எரி என்று துணிவர். சுவடி படிக்கும் பயிற்சி என்பது கண்ணின் பயிற்சி மட்டும் அன்று. எழுதினவர் கருத்தை உய்த்துணரும் பயிற்சியுமாம்.

தமிழ்99 அமைப்பிலும் இத்தகைய உய்த்துணர்வு ஒன்று இலக்கணத்தின் துணைகொண்டு அமைக்கப்பட்டுள்ளது. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாக விளைந்த இவ்வமைப்பில், பன்னிரண்டு உயிர்க்கும் பதினெட்டு மெய்க்கும் தனித்தனி விசைகள் உண்டு. ஆய்தத்திற்கும் புள்ளிக்கும் ஒரு விசை உண்டு. இம்முப்பத்தொரு விசைகளைக் கொண்டே தமிழின் 247 எழுத்துகளையும் எழுதலாம். மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் இரண்டும் புணர்ந்து உயிர்மெய் ஆகும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். அ, ம, ம, ஆ என்று அழுத்தினால் 'அம்மா' என்று வரும். மெல்லெழுத்தின் பின்னர் அதன் இனமான வல்லெழுத்தை அழுத்தினாலும் புள்ளி தானே வந்துவிடும். ஆதலின் த, ந, த, ஐ என்று அழுத்த, 'தந்தை' என்று வருகின்றது. எழுத்தாளரின் கருத்தை அறிய இலக்கண நூலார் கண்ட மெய்ம்மயக்கமும் இனவெழுத்தும் இங்குக் கைகொடுக்கின்றன. பழைய இலக்கணம் புதிய கருவிக்கு வழிகாட்டுதல் மகிழத்தக்க செய்தியே.

ஆயினும் யானைக்கும் அடி சறுக்கும். 'மனனம்' என்னும் சொல்லை எழுத விரும்பும் மாணவர் ம, ன, ன என்று அழுத்தினால் 'மன்ன' என்று வந்து நிற்கும். இரண்டு னகரங்கள் அடுத்து வந்தமையால் கருவி தன் விதியைச் செலுத்திவிடுகின்றது. எழுதுபவர் நடுவே அகர விசையை அழுத்தி, 'இங்குப் புள்ளி வேண்டா' என்று கருவிக்கு அறிவித்தல் வேண்டும். இங்கு ஒரு சிறப்பைக் காண்க. கருவி ஊகிக்கின்றது, ஆனால் அதன் ஊகம் ஒரு வெளிப்படையான விதியைத் தழுவியது. விதியை எவரும் கற்றுக்கொள்ளலாம். ஊகம் பிழைக்கும் இடத்தில் அதனைத் தடுக்கவும் வழி வைக்கப்பட்டுள்ளது. இத்தகைய ஊகத்தினால் எழுதுவோருக்குத் தீங்கில்லை.

தீங்கு தோன்றுவது, கருவியின் ஊகம் மறைவாக நிகழ்ந்து, மறுக்க வழியின்றிப் போகும்பொழுதுதான். மேலைநாட்டில் நிகழ்ந்த ஒரு வேடிக்கையை இதற்குச் சான்றாகக் கூறலாம். ஒத்துழைப்பு என்னும் பொருளுடைய 'கோஆப்பரேஷன்' என்னும் ஆங்கிலச் சொல், சில கணிப்பொறிச் சொற்பட்டியல்களில் இடைக்கோடு இட்ட வடிவில் மட்டுமே இருந்தது. இடைக்கோடின்றி அதனை எழுதியவரின் சொல்லைப் பிழையெனக் கருதிய கருவி, 'கூப்பர்ட்டினோ' என்னும் கலிபோர்னிய ஊரின் பெயரைத் திருத்தமாகக் காட்டியது. எழுதினவரும் நோக்காது ஏற்றுக்கொண்டனர். அதன் விளைவாக ஐக்கிய நாடுகள் அவை, ஐரோப்பிய ஒன்றியம் முதலிய பெருமன்றங்களின் ஆவணங்களிலும், நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு நிலவ வேண்டிய இடத்தில் அவ்வூர் வந்து குடிபுகுந்தது. இது நகைப்புக்கு உரியதாகத் தோன்றலாம். அறிவியல் துறையில் நிகழ்ந்ததோ நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள், மாதங்களின் பெயர்களை ஒத்திருந்தன. எக்செல் என்னும் கணக்குச் செயலி அவற்றை நாட்களெனக் கருதித் தானே மாற்றி எழுதியது. ஆய்வாளர் பட்டியல்கள் பல பிழைபட்டன. முடிவில் 2020-ஆம் ஆண்டில், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் அப்பெயர்களையே மாற்றிவிட்டனர். கருவி மனிதனது கருத்தை அறியத் தவறியது, திருத்திக்கொண்டவனோ மனிதன். ஏவலாளன் தவறாகக் கேட்கிறான் என்பதற்காகத் தலைவன் தன் பிள்ளையின் பெயரை மாற்றியது போன்றது இது.

பெரிய மொழிகளுக்கே இந்நிலை எனின், கருவிகளுக்குப் பயிற்சியளிக்கப் போதிய எழுத்து கிட்டாத மொழிகளின் நிலையை என்னென்பது! கருவி அறிந்தது, பலர் பலமுறை எழுதிய சொற்களையே. சிற்றூர்களின் பெயர்கள், தொழிலாளரின் வழக்குச் சொற்கள், பாட்டிமார் நாவில் மட்டும் வாழும் சொற்கள், பழைய நூல்களில் உறங்கும் சொற்கள் ஆகியவை அதன் பட்டியலில் அரிதாகவே இடம்பெறும். உழுத வயலைச் சமன்செய்ய உதவும் பலகைக்குப் பரம்பு என்று பெயர். 'உழவர் பரம்பு அடித்தார்' என்று ஒரு மாணவன் எழுதப் புகுந்தால், அச்சொல்லை அறியாத கருவி 'உழவர் பாம்பு அடித்தார்' என்று திருத்திவிடக்கூடும். எழுத்து ஒன்றுதான் மாறியது. ஆனால் வயல் மறைந்து புற்று வந்துவிட்டது! ஏட்டுச்சுவடியிலும் ரகரமும் காலும் ஒன்றாய் இருந்தமையால் இவ்விரு சொற்களையும் ஒரே வடிவில் காணலாம். ஆனால் உழவர் வாழ்வை அறிந்த புலவர் அதனைச் சரியாகப் படித்திருப்பார். கருவிக்கு உழவும் தெரியாது, பாம்பும் தெரியாது. எது மிகுதியாக எழுதப்பட்டது என்னும் எண்ணிக்கை மட்டுமே தெரியும்.

இதன் விளைவு ஒரு நாளோடு முடிவதன்று. அரிய சொல்லை எழுதுவோர் ஒவ்வொரு முறையும் கருவியோடு போராட வேண்டியிருந்தால், சிறிது காலத்தில் அவர் எளிய சொல்லுக்கே இணங்கிவிடுவர். அவ்வாறு எழுதப்பட்டவை மீண்டும் கருவிக்குப் பாடமாக அமையும். முன்னரே மிகுதியாக இருந்த சொல் மேலும் மிகும். அருகி இருந்த சொல் மேலும் அருகும். செல்வர் மேலும் செல்வராதலும் வறியர் மேலும் வறியராதலும் போன்ற நிலை சொல்லுலகிலும் தோன்றிவிடும். சட்டத்தாலும் தடையாலும் அழியாத சொல், விரலின் சோம்பலால் அழிதல் இரங்கத்தக்கது.

இவ்விடத்தில் மறுதரப்பினர் கூறுவதையும் கேட்டல் முறை. 'கருவியின் ஊகம் இல்லையேல் தொடுதிரையில் எழுதுதல் பெருந்துன்பம் ஆகும். கைநடுக்கம் உடைய முதியோர் எழுதுவது எங்ஙனம்? பார்வை குன்றியவர் எழுதுவது எங்ஙனம்? பத்துப் பிழைகளை நீக்கும் கருவி ஒரு பிழையைச் செய்தால் அதனைப் பொறுத்துக்கொள்ளலாகாதா?' என்பர் அவர். இவர் கூற்றில் உண்மை உண்டு. நடுங்கும் விரலின் பின்னே நடுங்காத எண்ணம் ஒன்று இருக்கின்றது. அதனைக் கண்டறிந்து எழுத்தாக்கும் கருவி, ஊன்றுகோலினும் மேலான துணை ஆகும். ஆகவே கருவி ஊகித்தலே கூடாது என்பது கட்டுரையின் முடிபன்று. ஊகத்திற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதே முடிபு. பத்துப் பிழைகளை நீக்கியவன் என்பதற்காக, எழுதினவர் அறியாமல் பதினோராவது இடத்தில் கருத்தை மாற்றும் உரிமை எவனுக்கும் வந்துவிடாது.

அவ்வெல்லை எது? 2010-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் ஆய்வாளர் குணவர்தனா முதலிய மூவர் கூறிய ஒரு வழி இங்குப் போற்றத்தக்கது. மொழியின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப விசைகளின் எல்லையைக் கருவி நகர்த்தலாம். ஆனால் ஒவ்வொரு விசையின் நடுவிலும் எக்காலத்தும் நகராத ஒரு பகுதி இருத்தல் வேண்டும் என்றனர் அவர். எழுதுபவர் அந்நடுவிடத்தைத் தொட்டால், மொழி எதனை எதிர்பார்த்தாலும், தொட்ட எழுத்தே வருதல் வேண்டும். கணக்கு நூலின் உறுப்பாகத் தோன்றும் இவ்விதியில் ஓர் அறமும் அடங்கியுள்ளது. கை ஐயத்தோடு தொட்ட இடத்தில் கருவி ஆலோசனை கூறலாம். கை தெளிவாகத் தொட்ட இடத்தில் கருவி பணிதல் வேண்டும். பரம்பு என்னும் சொல்லின் ரகரத்தை ஒருவர் நடுவிடத்தில் ஊன்றித் தொட்டிருந்தால், அதனைக் காலாக மாற்றக் கருவிக்கு உரிமை இல்லை.

இதனோடு வேறொரு நெறியும் வேண்டும். கருவி தன் ஊகத்தை மறைக்காமல் காட்டுதலே அந்நெறி. பழஞ்சுவடிகளின் வரலாறு இதற்கு நல்லதொரு பாடம் ஆகும். ஏடெழுதினோர் இருவகையினர். தமக்குப் பொருள் விளங்காத சொல்லைக் கண்டவிடத்து, தாமறிந்த சொல்லாக அதனை மாற்றி எழுதிச் சென்றவர் ஒருவகையினர். அவர் தீய எண்ணம் உடையவர் அல்லர். உதவி செய்வதாகவே எண்ணினர். ஆனால் அவர் செய்த உதவியால் மூலச்சொல் மறைந்தது. கண்டவாறே எழுதியவர் மற்றொரு வகையினர். பிற்காலத்தில் உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் தமக்குச் சிறந்ததாகத் தோன்றிய பாடத்தைக் கொண்டார். ஆயினும் ஏனைய பாடங்களை அழித்துவிடவில்லை. அவற்றை அடிக்குறிப்பில் காட்டிச் சென்றார். படிப்போர் தாமே ஒப்பிட்டுத் துணிய அதனால் இயன்றது. விசைப்பலகையும் இப்பதிப்பாசிரியரைப் பின்பற்றுதல் வேண்டும். தான் ஊகித்த சொல்லை விசைகளுக்கு மேலுள்ள வரிசையில் காட்டி, எழுதினவர் சொல்லையும் அதனருகே வைத்து, 'எது வேண்டும்?' என்று வினவுதல் நன்று. மாற்றியே விட்டால், ஒரே தொடுதலில் பழைய சொல்லை மீட்க வழியமைத்தல் வேண்டும். ஒருமுறை மறுத்த திருத்தத்தை மீண்டும் மீண்டும் திணிக்காது நினைவில் கொள்ளுதலும் வேண்டும். இவற்றுள் சில இன்றைய விசைப்பலகைகள் பலவற்றில் உள்ளன. எல்லா மொழிகளுக்கும் எல்லாக் கருவிகளிலும் அவை அமைதல் வேண்டும் என்று கேட்பது மொழி பேசுவோரின் உரிமை.

கருவி ஆக்குவோர் கடமை இவ்வாறாக, எழுதுவோர் கடமையும் சிறிதன்று. எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்த்தல் பழைய பழக்கம். தட்டச்சுப்பொறிக் காலத்தில் அது தன் பிழையைத் தேடுவதற்கு உதவியது. இக்காலத்தில் பிறர் செய்த திருத்தத்தைத் தேடுவதற்கும் அது வேண்டியதாயிற்று. ல, ள, ழ என்பவற்றின் வேறுபாடும், ர, ற என்பவற்றின் வேறுபாடும், ந, ன, ண என்பவற்றின் வேறுபாடும் கருவிக்குத் தெரியும் என்று மாணவர் கற்காமல் விட்டால், கருவி 'வலி', 'வளி', 'வழி' என்னும் மூன்றையும் காட்டும்பொழுது தேர்ந்தெடுப்பது யார்? நோவும் காற்றும் நெறியும் வேறென்று அறிந்த அறிவு எழுதுவோரிடம் இருத்தல் வேண்டும். அறிவுடையோனுக்கு ஆலோசனை துணையாகும். அறியாதோனுக்கு அதுவே கட்டளையாகிவிடும். கருவியின் உதவியைக் கொள்வதற்கும் மொழியறிவு வேண்டும். மறுப்பதற்கும் மொழியறிவு வேண்டும்.

அரிய சொற்களைக் கருவிக்குக் கற்பிக்கும் பணியும் எழுதுவோரைச் சார்ந்ததே. தம் ஊரின் பெயரையும், தம் பெற்றோர் செய்யும் தொழிலின் சொற்களையும், தாம் கற்ற நூற்சொற்களையும் திருத்தத்திற்கு அஞ்சாமல் மாணவர் எழுதிவருதல் வேண்டும். பல விசைப்பலகைகள் தம்மைப் பயன்படுத்துவோர் எழுதும் புதுச்சொற்களைக் கற்றுக்கொள்ளும் இயல்புடையவை. பரம்பு என்று பத்துமுறை எழுதுவோரிடம் அது பாம்பைக் கொண்டுவரத் தயங்கும்.

குறிப்பறிதலில் வல்ல அமைச்சன் அரசனது கருத்தை அறிந்து செயலாற்றினான். ஆயினும் அரசனது முத்திரையைத் தானே எடுத்து இட்டுவிடவில்லை. இட்டவன் அமைச்சன் என்னும் பெயரையே இழந்துவிடுவான். விரலின் நோக்கை உணரும் விசைப்பலகையும் அத்தகைய அமைச்சனாய் விளங்குமாயின், மனித அறிவு கண்ட நற்கருவிகளுள் ஒன்றாக அது போற்றப்படும். எழுத்தின் அடியில் நிற்பது எழுதினவர் பெயர். அப்பெயர்க்குரியவர் எண்ணிய சொல்லே அதன் மேலும் நிற்றல் வேண்டும்.